டிவிடி நகலின் இயக்க அமைப்புகளைத் திருத்துதல்: தொடக்கநிலையாளருக்கு ஓர் அறிமுகம்

ஒரு டிவிடியைப் பிளேயரில் இட்டதும் எச்சரிக்கைப் பலகை, தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம், வேறு படங்களின் முன்னோட்டம் என்று ஒவ்வொன்றாக ஓடுகின்றன. அவற்றைத் தாண்டிச் செல்ல ரிமோட்டை அழுத்தினால், திரையின் மூலையில் ஒரு தடைக்குறி மட்டும் தோன்றி மறைகிறது. இதில் சலித்துப்போன ஒருவர், தம்மிடமுள்ள நகலில் படத்தை 'எடிட்' செய்தால் இந்தத் தொல்லை தீரும் என்பார். இன்னொருவர், வேறு ஃபார்மட்டுக்குக் 'கன்வர்ட்' செய்யச் சொல்வார். மூன்றாமவரோ, அப்படிச் செய்தால் படத்தின் தரம் கெட்டுவிடும், தொடாமல் இருப்பதே மேல் என்று தடுப்பார். படமும் அதை ஓட்டும் முறையும் ஒன்றே என்று மூவருமே எண்ணிக்கொண்டிருப்பதால்தான் இந்தப் பேச்சு எந்த முடிவுக்கும் வருவதில்லை. உண்மையில் டிவிடியில் அவை இரண்டும் தனித்தனிக் கோப்புகளில் இருக்கின்றன. இரண்டாவதை மட்டும் திருத்துவதையே இந்தக் கட்டுரை விளக்குகிறது.

தொடங்கும் முன் ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். கடைகளில் விற்கப்பட்ட திரைப்பட வட்டுகள் பெரும்பாலும் மறைகுறியாக்கப் பூட்டுடன் வருகின்றன. உரிமை மீறும் நோக்கத்துடன் அத்தகைய பூட்டை உடைப்பதை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. பூட்டைத் திறப்பது பற்றி இங்கே எதுவும் சொல்லப்படவில்லை. பூட்டில்லாத வட்டுகள், குறிப்பாகத் திருமண வீடியோ, பள்ளி ஆண்டுவிழா, நாமே உருவாக்கிய தொகுப்பு ஆகியவற்றின் நகல்களை மனத்தில் வைத்துப் படித்தால் போதும்.

பந்தியில் பரிமாறும் வரிசை

கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் சாம்பார், ரசம், கூட்டு, பாயசம் எல்லாம் தனித்தனிப் பாத்திரங்களில் ஆயத்தமாக இருக்கின்றன. எதை முதலில் இலையில் வைப்பது, ரசத்துக்குப் பின் மோரா பாயசமா என்பதைப் பந்தியைக் கவனிக்கும் பெரியவர் தீர்மானிக்கிறார். அவர் கையில் ஒரு சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாயசத்தை முதலில் வையுங்கள் என்று வீட்டார் கேட்டுக்கொண்டால், சீட்டில் ஒரு வரி மாறும். யாரும் அடுப்பை மறுபடி பற்றவைக்க மாட்டார்கள். கூட்டு வேண்டாம் என்று சொன்னால், கூட்டு பாத்திரத்திலேயே இருக்கும், இலைக்கு வராது, அவ்வளவுதான்.

டிவிடியில் பாத்திரங்கள் வேறு, சீட்டு வேறு. இயக்க அமைப்புகளைத் திருத்துவது என்றால் சீட்டைத் திருத்துவது. அதனால்தான் இரண்டு மணி நேரப் படம் கொண்ட நகலில்கூட இந்த வேலை பெரும்பாலும் சில நொடிகளில் முடிகிறது, படத்தின் தரமும் அணுவளவும் குறைவதில்லை. தரம் குறைவது, படத்தை மீண்டும் சுருக்கி எழுதும்போது, அதாவது சமையலைத் திரும்பச் செய்யும்போது மட்டுமே.

வட்டுக்குள் என்ன இருக்கிறது

ஒரு டிவிடி நகலைக் கணினியில் திறந்தால் 'வீடியோ_டிஎஸ்' என்ற கோப்புறை தென்படும். அதற்குள் மூன்று வகைக் கோப்புகள் மட்டுமே இருக்கின்றன.

விஓபி என்று முடியும் பெரிய கோப்புகள் நம் உவமையின் பாத்திரங்கள். காட்சியும், எட்டு வரையிலான ஒலித்தடங்களும், முப்பத்திரண்டு வரையிலான சப்டைட்டில் தடங்களும் ஒன்றோடொன்று பின்னப்பட்டு அவற்றுள் இருக்கின்றன. ஒவ்வொரு விஓபி கோப்பும் 1 ஜிபிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரே படம் ஐந்தாறு கோப்புகளாக வெட்டப்பட்டிருக்கும். இந்த வெட்டுகளுக்கும் கதையின் அத்தியாயங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு வசனத்தின் நடுவில்கூட வெட்டு விழுந்திருக்கலாம்.

ஐஎஃப்ஓ என்று முடியும் சிறிய கோப்புகள்தான் சீட்டு. அவற்றை இனி வழிகாட்டிக் கோப்புகள் என்று அழைப்போம். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது, எதற்குப் பின் எது வரும், எந்த ஒலித்தடம் எந்த மொழி, ரிமோட்டின் எந்தப் பொத்தான் எப்போது வேலை செய்யும் என்பன அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. வட்டு முழுவதற்கும் ஒரு தலைமை வழிகாட்டியும், ஒவ்வொரு தலைப்புத் தொகுதிக்கும் ஒரு துணை வழிகாட்டியும் உண்டு. தலைப்புத் தொகுதி என்பது, ஒரே வகையான ஒளி, ஒலி அமைப்புடைய தலைப்புகளை, அதாவது தனித்தனிப் படங்களை, சேர்த்து வைத்த பிரிவு.

மூன்றாவது வகையான பியூபி, வழிகாட்டிக் கோப்பின் அச்சு அசலான பிரதி. வட்டில் கீறல் விழுந்து முதலாவது படிக்க முடியாமற்போனால் பிளேயர் இதைப் படிக்கும். ஒரே கீறல் இரண்டையும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டும் வட்டில் தள்ளித் தள்ளி எழுதப்படுகின்றன.

பெரிய விஓபி கோப்புகளை மட்டும் பிரதியெடுத்துவிட்டு, நகல் எடுத்தாயிற்று என்று சொல்பவர்கள் பலர். அவை கணினியில் ஓடத்தான் செய்யும். ஆனால் மெனுவும் அத்தியாயங்களும் தடங்களின் மொழிப் பெயர்களும் அதில் இருக்காது. பாத்திரத்தைத் தூக்கிவந்துவிட்டுச் சீட்டை மண்டபத்திலேயே விட்டுவந்த கதைதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காட்சியும் ஒலியும் விஓபியில், அவற்றை ஓட்டும் முறை ஐஎஃப்ஓவில், அதன் பிரதி பியூபியில். நாம் திருத்தப்போவது பின்னிரண்டை.

நிகழ்ச்சித் தொடரும் கட்டளைகளும்

வழிகாட்டிக் கோப்பின் உயிர்நாடி 'பிஜிசி' எனப்படும் நிகழ்ச்சித் தொடர். எந்தக் காட்சித் துண்டுகளை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்ற பட்டியல் அது. அந்தத் துண்டு ஒவ்வொன்றுக்கும் செல் என்று பெயர். எச்சரிக்கைப் பலகை ஒரு நிகழ்ச்சித் தொடராக இருக்கலாம், மெனு இன்னொன்று, முழுப்படம் மற்றொன்று.

ஒவ்வொரு நிகழ்ச்சித் தொடரோடும் கட்டளைகளைச் சேர்க்க முடியும். தொடர் ஓடத் தொடங்கும் முன் நிறைவேறுவன முன்கட்டளைகள், ஓடி முடிந்தபின் நிறைவேறுவன பின்கட்டளைகள், குறிப்பிட்ட ஒரு செல் முடிந்ததும் நிறைவேறுவன செல் கட்டளைகள். ஒவ்வொரு கட்டளையும் 8 பைட் அளவே உள்ளது. ஒரு நிகழ்ச்சித் தொடரில் இவை மூன்றும் சேர்ந்து 128-ஐத் தாண்டக் கூடாது. 'முதலாம் தலைப்புக்குத் தாவு', 'மெனுவை அழை', 'இரண்டாம் ஒலித்தடத்தைத் தேர்ந்தெடு' என்பன போன்ற எளிய ஆணைகளே அவை.

என் உறவினர் ஒருவரின் திருமண வட்டில் இதை நேரில் பார்த்தேன். வட்டை இட்டதும் ஸ்டுடியோவின் விளம்பரம், பிறகு மெனு, மெனுவில் வரவேற்பு, முகூர்த்தம் என்று இரண்டு தேர்வுகள். முகூர்த்தம் முடிந்ததும் மெனுவுக்குத் திரும்பாமல் மறுபடி விளம்பரத்துக்குப் போய்விடும். பிளேயர் பழுது என்றே அந்த வீட்டில் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். திறந்து பார்த்தபோது, முகூர்த்தத்தின் பின்கட்டளையில் 'வட்டின் தொடக்கத்துக்குப் போ' என்று இருந்தது. அதை 'மெனுவை அழை' என்று மாற்றியதோடு வேலை முடிந்தது. வீடியோவில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை.

வட்டை இட்டவுடன் பிளேயர் முதலில் தேடுவது, தலைமை வழிகாட்டியில் உள்ள 'முதல் இயக்கம்' என்ற சிறப்பு நிகழ்ச்சித் தொடரை. அங்கிருந்துதான் பயணம் தொடங்குகிறது. விளம்பரத்தைத் தவிர்க்க விரும்புகிறவர், அங்கேயே 'முதலாம் தலைப்புக்குத் தாவு' என்று எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். எளிய வட்டுகளில் போதும். சிக்கலான வட்டுகளில் அது வம்பில் கொண்டுபோய் விடும். அதற்கான காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

பிளேயரின் நினைவுப் பெட்டிகள்

பிளேயருக்குச் சிறிய நினைவு உண்டு. வட்டின் கட்டளைகள் தம் விருப்பப்படி எண்களை எழுதி வைத்துக்கொள்ளப் பதினாறு பொதுப் பெட்டிகள் இருக்கின்றன. இவற்றோடு, பிளேயரின் நிலையைக் காட்டும் இருபத்து நான்கு அமைப்புப் பெட்டிகளும் உண்டு: இப்போது ஓடும் ஒலித்தடம் எது, சப்டைட்டில் எது, பயனர் விரும்பும் மொழி எது, பிளேயர் எந்த மண்டலத்துக்குரியது என்பன அவற்றில் இருக்கும். கணினித் துறையில் இவற்றை ரெஜிஸ்டர் என்பார்கள். நாம் பெட்டி என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வட்டில் எச்சரிக்கைப் பலகையின் முன்கட்டளை, மூன்றாம் பெட்டியில் 1 என்று எழுதுவதாகக் கொள்வோம். பின்னர் படத்தின் முன்கட்டளை, மூன்றாம் பெட்டியில் 1 இருந்தால் மட்டுமே ஓடு, இல்லையேல் தொடக்கத்துக்குத் திரும்பு என்று சொல்லலாம். நாம் எச்சரிக்கையை முற்றிலும் தாண்டிக் குதித்தால் அந்த 1 எழுதப்படாது. வட்டு தொடக்கத்துக்கும் படத்துக்கும் இடையே முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகையால் அனுபவமுள்ளவர்கள் நிகழ்ச்சித் தொடரை நீக்குவதில்லை. அதன் கட்டளைகளை அப்படியே விட்டுவிட்டு, காட்சிச் செல்களை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பிளேயர் அந்த வழியாகவே செல்லும், எழுத வேண்டியதை எழுதும், ஆனால் காட்டுவதற்கு எதுவும் இல்லாததால் நொடியும் நிற்காமல் கடந்துபோகும். எச்சரிக்கைப் பலகை அசையாப் படமாக இருந்தால், அதற்குரிய நிறுத்த நேரத்தைச் சுழியமாக்குவதே போதுமானதாக இருக்கலாம். இந்த எண் நொடிக் கணக்கில் எழுதப்படுகிறது; 255 என்றிருந்தால் பயனர் ஏதேனும் அழுத்தும்வரை காத்திரு என்று பொருள். மெனுக்கள் அசையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு வழி.

சுருக்கமாக: வட்டு ஒரு சிறிய கணினி நிரலைப் போல நடந்துகொள்கிறது. அதில் ஒரு வரியை அழிக்கும் முன், அந்த வரியை எதிர்பார்த்திருக்கும் வேறு வரி உண்டா என்று பார்க்க வேண்டும்.

தடைக்குறி ஏன் தோன்றுகிறது

பயனர் செயல்தடையைக் குறிக்கும் 'யூஓபி' என்ற மூன்றெழுத்துதான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. பயனர் செய்யக்கூடிய செயல்களை டிவிடி விதிமுறை 0 முதல் 24 வரை எண்ணிட்டு இருபத்தைந்து வகையாகப் பிரிக்கிறது: அடுத்த அத்தியாயத்துக்குச் செல்வது, வேகமாக ஓட்டுவது, நிறுத்துவது, மெனுவை அழைப்பது, ஒலித்தடத்தை மாற்றுவது, சப்டைட்டிலை மாற்றுவது என்று அது நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறி. 1 என்றிருந்தால் அந்தச் செயலுக்குத் தடை. பாயசம் வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று பெரியவர் சீட்டின் ஓரத்தில் குறித்து வைப்பது போன்றது இது.

இந்தக் குறிகள் மூன்று இடங்களில் இருக்கலாம் என்பதுதான் குழப்பத்தின் வேர். தலைமை வழிகாட்டியிலுள்ள தலைப்புப் பட்டியலில் சில இருக்கும். ஒவ்வொரு நிகழ்ச்சித் தொடரிலும் இருக்கும். மூன்றாவதாக, விஓபி கோப்புக்குள்ளேயே ஏறத்தாழ அரை நொடி முதல் ஒரு நொடிக்கு ஒருமுறை வரும் வழிச்செலுத்தல் பொட்டலங்கள் என்ற சிறு தரவுத் துண்டுகளிலும் இருக்கும். மூன்றில் ஏதேனும் ஓரிடத்தில் தடை இருந்தாலும் தடை தடையே. முதல் இரண்டை நீக்கிவிட்டு, நீக்கியும் பயனில்லை என்று புலம்புகிறவர்கள் மூன்றாவதை மறந்தவர்கள்.

பாத்திரத்தைத் தொடுவதே இல்லை என்று மேலே சொன்னதற்கு ஒரே விலக்கு இதுதான். மூன்றாவது வகைத் தடையை நீக்க மென்பொருள் விஓபி கோப்பு முழுவதையும் படித்து, அந்தச் சிறு பொட்டலங்களில் உள்ள குறிகளை மட்டும் 0 ஆக்கித் திரும்ப எழுத வேண்டும். ஆகவே சில நிமிடங்கள் ஆகும். அப்போதும் காட்சித் தரவு தொடப்படுவதில்லை, கோப்பின் அளவும் மாறுவதில்லை.

தடையை நீக்கினால் எல்லாப் பொத்தான்களும் வேலை செய்துவிடும் என்பதும் சரியல்ல. எச்சரிக்கைப் பலகை ஒரே அத்தியாயம் கொண்ட தனி நிகழ்ச்சித் தொடராக இருந்து, அதற்கு 'அடுத்த தொடர்' எதுவென்று குறிக்கப்படாமலும் இருந்தால், அடுத்து என்ற பொத்தானை அழுத்தினாலும் போவதற்கு இடமில்லை. அனுமதி வேறு, வழி வேறு.

மண்டலக் குறி

உலகம் டிவிடிக்காக மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. தமிழர் வாழும் நாடுகளையே எடுத்துக்கொண்டால், அமெரிக்காவும் கனடாவும் 1, பிரிட்டன் உள்ளிட்ட ஐரோப்பாவின் பெரும்பகுதி 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஆஸ்திரேலியா 4, இந்தியாவும் இலங்கையும் 5. ஒரே குடும்பத்தின் கிளைகள் ஐந்து மண்டலங்களிலும் இருப்பது நம்மிடையே அரிதன்று. டொராண்டோவில் வாங்கிய வட்டு யாழ்ப்பாணத்து வீட்டில் ஓடாமற்போவதற்கு இதுவே காரணம்.

மண்டலக் குறி படத்தில் பதிந்திருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது தலைமை வழிகாட்டிக் கோப்பில் உள்ள ஒரே ஒரு பைட், அதாவது எட்டு பிட். எந்த மண்டலத்துக்குத் தடையோ அந்த மண்டலத்தின் பிட் 1 ஆக இருக்கும். முதல் மண்டலத்தில் மட்டும் ஓடும் வட்டில் இந்த பைட்டின் மதிப்பு 254. ஐந்தாம் மண்டலத்துக்கு மட்டுமான வட்டில் 239. எங்கும் ஓடும் வட்டில் 0. ஆகவே நகலை எங்கும் ஓடும்படி ஆக்குவது, ஓர் எண்ணைச் சுழியமாக்குவதுதான்.

ஆனால் 2000-ஆம் ஆண்டு வாக்கில் சில ஸ்டுடியோக்கள் இன்னொரு தந்திரத்தைச் சேர்த்தன. வட்டின் கட்டளைகளே பிளேயரின் இருபதாம் அமைப்புப் பெட்டியைப் படித்து, எந்த மண்டலம் என்று கேட்டறிந்து, பொருந்தாவிட்டால் மறுப்புப் பலகையைக் காட்டும். எல்லா மண்டலங்களையும் ஏற்கும்படி மாற்றப்பட்ட பிளேயர்களைப் பிடிக்கவே இந்த ஏற்பாடு. இங்கே பைட்டை மாற்றினால் போதாது. அந்தச் சோதனைக் கட்டளையையும் தேடி நீக்க வேண்டும்.

மொழிப் பெயரும் தொடக்கத் தடமும்

ஒலித்தடத்தின் மொழி வழிகாட்டிக் கோப்பில் இரண்டெழுத்துக் குறியாக இருக்கிறது, தமிழுக்கு 'டிஏ'. வட்டை உருவாக்கியவர் இதைக் கவனிக்காமல் விட்டால், தமிழ்த் தடம் ஓடும்போது திரையில் ஆங்கிலம் என்று காட்டும். பயனர் தம் பிளேயரில் விருப்ப மொழியைத் தேர்ந்து வைத்திருந்தால், பிளேயர் இந்தப் பெயரை நம்பித்தான் தடத்தைத் தேர்ந்தெடுக்கிறது, குரலைக் கேட்டு அன்று. குறியைத் திருத்துவது மிக எளிய, மிகப் பயனுள்ள திருத்தம். அப்படியும் தவறான தடமே ஓடினால், படத்தின் முன்கட்டளையில் 'இன்ன ஒலித்தடம், இன்ன சப்டைட்டில்' என்று ஒரே வரி சேர்த்துவிடலாம்.

எதைச் செய்ய முடியாது

படத்திலேயே பொறிக்கப்பட்ட எழுத்தை, மூலையில் உள்ள சின்னத்தை, மங்கிய நிறத்தை இந்த முறையில் தொட முடியாது. பிஏஎல் என்ற தொலைக்காட்சி முறையில் பதிந்த வீடியோவை என்டிஎஸ்சி என்ற இன்னொரு தொலைக்காட்சி முறைக்கு மாற்றவும் முடியாது. வழிகாட்டிக் கோப்பில் பெயரை மாற்றினால் பிளேயர் குழம்பும், படம் மாறாது. 8.5 ஜிபி வட்டை 4.7 ஜிபிக்குள் அடக்குவதும் வேறு வேலை. பட்டியலிலிருந்து நீக்கிய செல்கள் விஓபிக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு அப்படியே இருக்கும், பரிமாறாத கூட்டைப் போல.

கருவிகளும் வழக்கமான பிழைகளும்

இதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள்கள் 2000-களின் முதற்பாதியில் வந்தன. ஐஎஃப்ஓஎடிட், வழிகாட்டிக் கோப்பின் ஒவ்வொரு புலத்தையும் எண்ணாகக் காட்டும். அறிந்தவருக்கு வரம், அறியாதவருக்குக் காடு. பிஜிசிஎடிட், கட்டளைகளை வாக்கியங்கள் போலக் காட்டுவதோடு, பிளேயர் எந்த வழியில் செல்லும் என்று ஒவ்வோர் அடியாகப் பின்தொடர்ந்து பார்க்கவும் உதவும். தொடக்கநிலையாளர் இரண்டாவதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. வட்டு போகும் தடத்தைக் கண்ணால் பார்க்காமல் கட்டளையை மாற்றுவது, மீட்டர் இல்லாமல் மின்கம்பியைத் தொடுவதற்குச் சமம்.

முதற்பிழை, ஐஎஃப்ஓவைத் திருத்திவிட்டுப் பியூபியை மறப்பது. அப்போது ஒரு பிளேயரில் புதிய முறையும், முதலாவதைப் படிக்கத் தடுமாறும் இன்னொரு பிளேயரில் பழைய முறையும் ஓடும். நல்ல கருவிகள் இரண்டையும் சேர்த்தே எழுதும். கையால் செய்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, தேவையில்லை என்று நினைத்த ஒரு விஓபி கோப்பை நேரடியாக அழித்துவிடுவது. வழிகாட்டியிலுள்ள முகவரிகள் எல்லாம் 2048 பைட் கொண்ட துண்டுகளின் எண்ணிக்கையாக எழுதப்பட்டவை. நடுவில் ஒரு கோப்பு போனால் அதற்குப் பின் வரும் முகவரிகள் அனைத்தும் பொய்யாகிவிடும். காட்சியை நீக்கி இடத்தை மீட்க வேண்டுமானால், முகவரிகளையும் திருத்தி எழுதும் வாப்பிளாங்கர் போன்ற கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, சோதிக்கும் முறையில் நேரும் பிழை. வீஎல்சி போன்ற கணினிப் பிளேயர்கள் தடைப் பிட்டுகளைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அதில் தாண்ட முடிகிறது என்பதால் தடை நீங்கிவிட்டது என்று கொள்ள முடியாது. திருத்தும் முன் ஐஎஃப்ஓ, பியூபி கோப்புகளை வேறு கோப்புறையில் பிரதியெடுத்து வைக்க வேண்டும். வீடியோ_டிஎஸ் முழுவதையும் சேர்த்தாலும் அவை சில நூறு கிலோபைட்டைத் தாண்டுவது அரிது. திருத்தியபின், அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டு ஒன்றில் டிவிடி வீடியோவாக எழுதி, தொலைக்காட்சியோடு இணைந்த பழைய பிளேயரில் இட்டு, எச்சரிக்கைப் பலகை இருந்த இடத்தில் ரிமோட்டின் 'அடுத்து' பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.